சுரங்கப்பாதையில் ஒரு மஞ்சள் புடவை

திருப்பதியில் ரயில் பாதைக்கு வடக்கே ஒரு சின்னத் தெருவில் கல்பனா மேடம் பிள்ளைக் காப்பகம் ஒன்றை நடத்திவந்தார். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் குழந்தையை விட்டுவிட்டுச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், துணிக்கடையில் புடவை பிரித்துப் போடுகிறவள், பஸ் கண்டக்டர் என்று எல்லோருக்கும் எட்டு மணிக்கு அந்தக் கதவு திறந்தாக வேண்டும். கதவு திறக்காவிட்டால் அவர்கள் வேலைக்குப் போக முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அங்கே உதவிக்கு இருந்தவள் ரோஹிணி. நகரியில் விசைத்தறி வீட்டுப் பெண். வந்த நாளிலிருந்தே குழந்தைகள் அவள் முந்தானையை விடமாட்டார்கள். கல்பனா மேடத்தின் மகளுக்குக் காளஹஸ்தியில் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்ததால், மேடம் அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. காப்பகத்துச் சாவியை ரோஹிணியின் கையில் வைத்து, "இனிமே காலையில நீதான் தெறக்கணும்" என்றார். ரோஹிணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தபோது தெருவே கொஞ்சம் அகலமானதுபோல் இருந்தது அவளுக்கு.

மறுநாளே அதற்கு ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் தணிகைவேல், அவளுக்குத் தாலி கட்டியவன்.

தணிகைவேல் ஆட்டோ ஓட்டுகிறவன். "நானே கொண்டாந்து விடுறேன்மே" என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஸ்டேஷன் வாசலில் மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் கை காட்டியது. ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு நீட்டிய கையைக் கண்டால் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும், பாருங்கள். "ஒரே நிமிசம்" என்றான். அந்த ஒரு நிமிஷம் ஊருக்கு வெளியே மங்காபுரம் ரோடுவரை போய்த் திரும்பியது. ரோஹிணி காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நர்ஸம்மா வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் ஷோபா காத்திருந்து பார்த்துவிட்டு, குழந்தை யமுனாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அந்தக் குழந்தை மலைப்பாதை வளைவுகளில் ஆடி ஆடி, அம்மாவின் காக்கிக் கோட்டு மேலேயே வாந்தி எடுத்திருக்கிறது.

கல்பனா மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று ரோஹிணிக்குத் தோன்றியது.

"சனிக்கிழம நான் காளஹஸ்திக்குப் போறேன், ரோஹிணி. அன்னைக்கு நீ டைமுக்குத் தெறந்துட்டா சாவி உங்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா வேற ஆளப் பாக்கறேன். எம்மேல கோவப்படாத, தாய்மாருங்க என்னைத்தானே கேக்கறாங்க."

ரோஹிணி யோசித்தாள். ஆட்டோ வேண்டாம். பஸ்ஸில் போகலாமென்றால், பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து படியில்கூடக் கால் வைக்க இடமில்லை. நடந்தால் தூரம். மிச்சம் இருந்தது மகளுடைய சைக்கிள். மகள் பிரீத்தி சித்தூரில் ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக் படிக்கிறாள். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி குடித்துக்கொண்டு நின்றது.

நகரியில் இருந்த காலத்தில் ரோஹிணி சைக்கிளில் பறந்தவள்தான். ஆனால் அங்கே எதிரில் வருவது எருமை. இங்கே வருவது சுற்றுலா பஸ். அதோடு ரயில் பாதையைக் கடக்க ஒரு சுரங்கப்பாதை இருந்தது. உள்ளே நடுவில் ஒரு வளைவு. பாதி விளக்கு எரியாது. வெயிலிலிருந்து உள்ளே போனால் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணே இருக்காது.

முதல் நாள் அவள் ரோட்டின் இடது ஓரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். ஓரம்தானே பத்திரம் என்ற எண்ணம். நின்றிருந்த காரின் கதவு படாரென்று திறந்தது. தப்பித்தாள். மணலில் சக்கரம் வழுக்கியது. காலை ஊன்றினாள். சுரங்கப்பாதைக்குள் பயந்து இறங்கி, சுவரோடு சுவராகத் தள்ளிக்கொண்டு போனாள். ஓர் ஆட்டோவின் கண்ணாடி அவள் முழங்கையை உரசிவிட்டுப் போனது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் முழங்கையைக் காட்டினாள். "உங்க ஜாதிக்காரன்தான், மாமா."

"ஆட்டோ ஜாதியா?" தணிகைவேல் சிராய்ப்பை உற்றுப் பார்த்தான். "நீ எங்க போய்க்கினு இருந்த?"

"ஓரமாத்தான். செவுத்த ஒட்டி."

"அதான் தப்பு. ஓரத்துல போற ஆளு எங்க கண்ணுக்குத் தெரியாதுமே. செவுரு, குப்பத்தொட்டி, சைக்கிளு எல்லாம் ஒண்ணுதான் எங்களுக்கு. சந்து இருக்குதேன்னு நொழைஞ்சிடுவோம். நீ கொஞ்சம் உள்ள வந்து, நேரா, ஆடாம போ. அப்போ எங்களுக்குச் சந்து கெடைக்காது. பின்னாடியே வரணும். வந்துக்கினே திட்டுவோம்."

"திட்டுவீங்களா?"

"நல்லாத் திட்டுவோம். திட்டுனா பாத்துட்டோம்னு அர்த்தம். பாத்தவன் இடிக்கமாட்டான். திட்டாம வரான் பாரு, அவங்கிட்டதான் பயப்படணும்."

"இத்தன நாளா இதெல்லாம் தெரிஞ்சுதான் ஓட்டுறீங்களா?"

"தெரியாம ஓட்டினா பாவம், தெரிஞ்சு ஓட்டினா பொழப்பு" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அடுத்த நாள் ரோஹிணி கார்க் கதவுக்கு எட்டாத தூரத்தில் நேராகப் போனாள். ஒரு மினி வேன்காரன் தெலுங்கில் அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். 'பார்த்துவிட்டான், நல்ல பிள்ளை' என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள். திரும்புவதற்கு முன்னால் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அப்புறம் கையை நீட்டுவது. இடது பக்கம் திரும்பப் போகிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போய் நிற்பதில்லை என்று சபதம். மகள் போனில் சொன்னபடி ஸீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு வெள்ளை விளக்கு வாங்கி மாட்டினாள். புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்க, கொசுவத்தைத் துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்தாள்.

சுரங்கப்பாதை மட்டும் பாக்கி இருந்தது. அந்த இருட்டில் தன்னை எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று அவளுக்குக் கவலை. அலமாரியைத் திறந்தாள். அண்ணன் தறியில் நெய்த பளீரென்ற மஞ்சள் புடவை ஒன்று மேலாகவே இருந்தது. ஒரு மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் கண் கூசும். சனிக்கிழமைக்கு அதுதான் என்று எடுத்து வைத்தாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள், கண்ணுகளா. அந்த மாதம் புரட்டாசி. நகரியில் தறிகள் எதற்காக அவ்வளவு மஞ்சள் துணியை நெய்து தள்ளுகின்றன என்று நகரிப் பெண் ஒருத்திக்கு ஞாபகம் வராமல் போனது. சாவியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் அப்படித்தான்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன்பே கிளம்பினாள். பெரிய ரோட்டுக்கு வந்ததும் அதிசயம் ஆரம்பித்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்கவில்லை. ஒதுங்கி, மெதுவாகக் கடந்து போனது. டிரைவர் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டான். நாலு ரோடு கூடுகிற இடத்தில் அவள் வலது கையை நீட்டியதும் ஒரு பஸ்ஸே நின்றது. பரவாயில்லையே, கை காட்டுவதில் இவ்வளவு மகிமையா என்று பூரித்துப்போனாள்.

கொஞ்ச தூரத்தில் சாமியானா பந்தல். அண்டாவும் வாளியுமாக இளைஞர்கள். ஒருவன் அவள் சைக்கிளுக்கு முன்னால் வந்து ஹாண்டில் பாரைப் பிடித்து, இலைத் தொன்னையில் புளியோதரையை நீட்டினான்.

"பிரசாதம் அம்மா."

"வேலைக்குப் போகணும் தம்பி."

"சாமி வேலைதானே அம்மா."

பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல எந்த வாய்க்கு வரும்? வாங்கினாள். மோர் கொடுத்தார்கள், குடித்தாள். பானகம் கொடுத்தார்கள், அதையும் குடித்தாள். ஒரு நடுவயதுப் பெண் வந்து சைக்கிள் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்த ஊரு தாயி?"

"நகரி."

"நகரியிலருந்து சைக்கிள்லயே வரீங்களா?" என்று அவள் கேட்டபோதுதான் ரோஹிணி குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, மஞ்சள் சட்டை. ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து வருகிற கூட்டம். அதில் அவளும் ஒருத்தியாகியிருந்தாள்.

"இல்லம்மா, நான் பிள்ளைங்கள பாத்துக்கற வேலைக்குப் போறேன்."

"எல்லாம் அவன் பிள்ளைங்கதான்" என்று அந்தப் பெண் இன்னொரு தொன்னையைப் பையில் போட்டு ஹாண்டில் பாரில் மாட்டிவிட்டாள்.

அடுத்த பந்தலில் பொங்கல். அதற்கடுத்த பந்தலில் வாழைப்பழம். லாரிகள் வழி விட்டன, பக்தர்கள் விடவில்லை. இரண்டு நாளாகப் பழகிய வித்தையெல்லாம் வண்டிகளிடமிருந்து தப்பிக்கத்தான். அன்பிலிருந்து தப்பிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுரங்கப்பாதை வாயருகில் வந்தபோது எட்டாக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வயிறு நிறைந்திருந்தது. இடுப்புச் சாவியை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அங்கே ஒரே கூட்டம். மஞ்சள் சட்டைக்காரர்கள் சிலர் சைக்கிள்களோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூர் வழியாக மிதித்து வந்தவர்கள். தலைவர் வெங்கடரமணன் கரும்புத் தோட்டக்காரர், மீசை நரைத்தவர். வேணு என்கிற ஒல்லிப் பையனின் முழங்காலில் கைக்குட்டை கட்டியிருந்தது.

"உள்ள போய் உழுந்துட்டான்மா" என்றார் வெங்கடரமணன். "ஓரமா போனான். தண்ணி நிக்குது, அடியில கம்பி போட்ட சாக்கடை இருக்குது, தெரியல. ஹைவேல மூணு மூணு பேரா பேசிக்கினே வந்துட்டோம், ஒண்ணும் பயமில்ல. இங்க இருட்டப் பாத்தா காலு வரமாட்டேங்குது. நீங்க இந்த ஊரா?"

"இந்த ஊருதாங்க. ஆனா நான் பக்தர் இல்ல. காப்பகம் தெறக்கப் போறேன். லேட்டாயிடுச்சு, வழி விடுங்க."

"அந்தப் பக்கம்தானே போறீங்க? முன்னாடி போங்க, நாங்க பின்னாடி வரோம். அம்மா போறாங்கன்னா எங்களுக்குத் தைரியமா இருக்கும்."

ரோஹிணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தச் சுரங்கப்பாதையை அவள் இன்னும் ஒரு முறைகூடச் சைக்கிளிலிருந்து இறங்காமல் கடந்ததில்லை. அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் ஒதுங்கினால் மூன்று பேர் மூன்று பக்கம் ஒதுங்கி இன்னும் அடைபடும். கூட்டிக்கொண்டு போவதுதான் சீக்கிரம்.

"சரி, கேளுங்க" என்றாள். பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கிற குரல் தானாக வந்தது. "ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். பக்கத்துல யாரும் வரக்கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறவரு கழட்டுங்க. வெளக்கு இல்லாதவங்க போன் டார்ச்ச போட்டு சட்டப் பாக்கெட்டுல வெளிச்சம் வெளிய தெரியற மாதிரி வைங்க. கையில புடிக்கக் கூடாது. தண்ணி பக்கம் போகாதீங்க, செவுத்துக்கிட்டயும் போகாதீங்க, என் சக்கரம் போற தடத்துலயே வாங்க. யாரும் யாரையும் முந்தக் கூடாது. நிக்கணும்னா முன்னாடியே குரல் குடுங்க."

"உள்ள ஒருத்தர் நின்னுட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வேணு கேட்டான். விழுந்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

அதை ரோஹிணி யோசித்திருக்கவில்லை. வெங்கடரமணனே வழி சொன்னார். "அம்மா முன்னாடி கோவிந்தா சொல்லட்டும். கடைசி ஆளு நான். நான் பதில் சொல்றேன். என் குரல் வரலன்னா வரிச அறுந்துபோச்சுன்னு அர்த்தம்."

விளக்கைப் போட்டாள். தோளுக்கு மேல் பார்த்தாள், கையை நீட்டினாள், பாதையின் நடுவுக்கு வந்தாள். இருட்டு வாயைத் திறந்து அவளை வாங்கிக்கொண்டது.

ஒன்றும் தெரியவில்லை. மிதிப்பதை நிறுத்தாதே என்று காலுக்குச் சொன்னாள். மெல்ல மெல்ல சுவர் தெரிந்தது, வெள்ளைக் கோடு தெரிந்தது, இடது பக்கத்தில் தண்ணீர் மினுங்கியது.

"கோவிந்தா" என்றாள். குரல் சுவரில் மோதி அவளைவிடப் பெரியதாகத் திரும்பி வந்தது.

"கோவிந்தா" என்று தூரத்தில் கரகரத்த குரல். வரிசை அறுந்துபோகவில்லை.

வளைவு வந்தது. பின்னால் ஒரு காரின் வெளிச்சம் பரவியது. ஹாரன் வரப்போகிறது என்று தோளை இறுக்கினாள். வரவில்லை. கோவிந்தா சொல்லிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்கத் திருப்பதியில் யாருக்கு மனசு வரும்? கார் பின்னாலேயே ஊர்ந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு மூன்று. மறுபடி அவள் கோவிந்தா என்றபோது கார்க்காரர்களும் பதில் சொன்னார்கள். எதிர் வரிசையில் வந்த ஆட்டோ ஒன்றிலிருந்தும் பெரிய குரலில் கோவிந்தா வந்தது. வந்த வேகத்திலேயே பாதியில் நின்றுபோனது.

"இன்னாமே" என்று அந்த ஆட்டோ கேட்டது. "எங்கமே போற இவங்களக் கூட்டிக்கினு?"

ரோஹிணி திரும்பவில்லை. ஹாண்டில் பாரிலிருந்து கையையும் எடுக்கவில்லை. "வேலைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்தாள். தணிகைவேலின் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைக் கும்பிட்டதை அவள் பார்க்கவில்லை. தணிகைவேலும் பழக்க தோஷத்தில் கும்பிட்டுவிட்டான் என்பதை அன்று இரவுதான் ஒத்துக்கொண்டான்.

வெளிச்சம். வெயில் முகத்தில் அடித்தது. பின்னால் ஒவ்வொரு சைக்கிளாக வெளியே வந்தது, கடைசியில் நரைத்த மீசை. வேணு தன் முழங்காலைத் தட்டிக்கொடுத்துக்கொண்டான். ரோஹிணிக்கு நின்று பார்க்க ஆசைதான். நேரமில்லை. நேராக மிதித்தாள், தெருமுனையில் இடது கை காட்டித் திரும்பினாள், காப்பகத்தின் முன்னால் வந்து இறங்கினாள்.

இறங்கித் திரும்பிப் பார்த்தால், கங்காதர நெல்லூர் முழுவதும் அதே வரிசையில், அதே இடைவெளியில், இடது கையை நீட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. எங்கே பிரிய வேண்டும் என்று அவள் சொல்ல மறந்துவிட்டாள்.

வாசலில் ஷோபா காக்கிக் கோட்டோடு நின்றாள். இடுப்பில் யமுனா. மற்ற தாய்மார்கள் கூட்டத்தில் சிக்கி இன்னும் வந்து சேரவில்லை. எட்டு மணி தாண்டியிருந்தது. ரொம்பத் தாண்டவில்லை. ஆனாலும் தாண்டியது தாண்டியதுதான்.

"இன்னாக்கா இது, ஊர்வலமா?" என்றாள் ஷோபா. குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. "என் பஸ்ஸு அலிபிரியில நிக்குது. ஆட்டோவும் கெடைக்காது இன்னைக்கு. இன்னைக்கும் லேட்டுன்னா மெமோதான்."

ரோஹிணி பூட்டைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். வெங்கடரமணனைப் பார்த்தாள்.

"நாங்க அலிபிரிக்குத்தான் போறோம்" என்றார் அவர். "சைக்கிள அங்க உட்டுட்டு மலை ஏறணும். என் கேரியர்ல ஏறும்மா."

"சைக்கிள்லயா?" ஷோபா தயங்கினாள்.

"ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஒக்காரு, ஷோபா. ஆடாத. மெயின் ரோட்டுல அவர பஸ் பக்கத்துல ஒட்டி நிக்க உடாத" என்று ரோஹிணி சொன்னாள். வேணு முன்னால் போனான். கடைசி சைக்கிளில் காக்கிக் கோட்டு. அடைத்து நின்ற கார்களுக்கு நடுவில் மஞ்சள் வரிசை நழுவிப் போனது. முனை திரும்பும்போது ஷோபாவும் கையை நீட்டியதை ரோஹிணி பார்த்தாள்.

சாயங்காலம் கல்பனா மேடம் காளஹஸ்தியிலிருந்து போன் செய்தார். ஷோபா அப்போதுதான் குழந்தையைக் கூட்டிப்போக வந்திருந்தாள். ரோஹிணி போனை ஸ்பீக்கரில் போட்டாள். மறைத்துப் பேசத் தெரியாது அவளுக்கு.

"டைமுக்குத் தெறந்தியா, ரோஹிணி?"

"இல்ல மேடம். கொஞ்சம் லேட்டு." சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். "வழியில பிரசாதம் குடுத்துட்டாங்க."

"பிரசாதமா? எதுக்கு உனக்கு?"

"மஞ்சப் பொடவ கட்டிட்டேன் மேடம்."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த மகளும் சேர்ந்து சிரித்ததும், "ஏய், வயித்தப் புடிச்சுக்கோ, நிதானமா சிரி" என்று மேடம் அதட்டியதும் கேட்டது. "நகரிக்காரி, புரட்டாசி சனிக்கிழம, மஞ்சப் பொடவ. நல்லா இருக்குது. ஷோபா, நீ சொல்லு. இன்னைக்கும் பஸ்ஸுக்கு லேட்டா?"

ஷோபா மேஜைமேல் இருந்த சாவியைப் பார்த்தாள். "நான் போனப்போ டிரைவரே வரல மேடம். டிராபிக்ல மாட்டிக்கினாராம். எங்க டிப்போல இன்னைக்கு டைமுக்கு வந்தது நான் ஒருத்திதான். இவங்க ஆளுங்கதான் கொண்டாந்து உட்டாங்க."

"அப்படின்னா சாவி அங்கயே இருக்கட்டும்" என்றார் மேடம். "ஆனா திங்கக்கெழம அந்தப் பொடவ வேணாம் தாயி."

சாவி மறுபடி இடுப்புக்குப் போனது. இப்போது வேறு கவலை. தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், பந்தலில் நிறுத்தவும் கூடாது. எந்தக் கலர்?

"செவப்பு" என்றாள், தன் குழந்தையைக் கூட்டிப்போக வந்த நர்ஸம்மா.

"மேல்மருவத்தூருக்குப் போறன்னு நெனப்பாங்க. எலுமிச்சம்பழம் குடுப்பாங்க" என்றாள் ஷோபா.

"காவி?"

"கால்ல உழுவாங்க."

"பச்சை?"

"முருகனுக்குப் பச்ச சாத்துறாங்களே. அதுவும் எங்க வீட்டுக்காரரு பேரு தணிகைவேலு, அவரே கும்புடுவாரு" என்றாள் ரோஹிணி.

சாமிகள் ஒரு கலரையும் மிச்சம் வைக்கவில்லையே என்று மூன்று பேரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, தரையில் உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டிருந்த யமுனா தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "ரோஸு" என்றது.

திங்கட்கிழமை ஷோபா வந்தபோது காப்பகத்தின் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, அது காயவும் காய்ந்திருந்தது. உள்ளே பளபளவென்று ரோஸ் புடவையில், கொசுவத்தில் கிளிப்பைக்கூட எடுக்காமல், ரோஹிணி பால் ஆற்றிக்கொண்டிருந்தாள்.